முக்காற் சிறுதேரும் வாத்தியார் வைத்த பிறந்தநாளும்

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பேரன் பேத்தி பற்றியவை. அவற்றோடு சேர்ந்து வந்த வேறு சில கேள்விகளும் அதே வழியில் போவதால், எல்லாவற்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டோம்.

என் மகள் கல்லூரியில் சமூகவியல் படிக்கிறாள். குழந்தைப் பருவம் என்பதே பிற்காலத்துக் கண்டுபிடிப்பு, பழைய காலத்தில் பிள்ளைகளைக் குட்டிப் பெரியவர்களாகத்தான் பார்த்தார்கள் என்று பாடம் நடத்தினார்களாம். அப்படியானால் நம்மூர்த் தாலாட்டெல்லாம் எதற்கு? – வாசகி, கும்பகோணம்

பாடம் ஃபிலிப் ஆரியஸ் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியருடையது. 1960ல் வெளிவந்த நூலில், இடைக்கால ஐரோப்பாவில் குழந்தைப் பருவம் பற்றிய எண்ணமே இல்லை என்று எழுதினார். பழைய ஓவியங்களில் பிள்ளைகள் சின்ன உருவத்துப் பெரியவர்களாகத் தெரிவது, பெரியவர்களின் உடுப்பையே அவர்களும் உடுத்தியிருப்பது முதலியவை அவருடைய சாட்சியங்கள். பிரெஞ்சில் அவர் எழுதிய சொல் 'உணர்வு' என்பதற்குப் பக்கத்தில் வரும். 1962ல் ஆங்கிலத்துக்குப் போனபோது அது 'கருத்து' ஆகிவிட்டது. பாதிச் சண்டைக்கு அதுவே காரணம்.

மறுத்தவர்கள் நிறையப் பேர். லிண்டா பொல்லக் 1983ல் நானூறுக்கு மேற்பட்ட நாட்குறிப்புகளையும் தன்வரலாறுகளையும் படித்துப் பார்த்து, பெற்றோர் பிள்ளைகளுக்காக உருகியதும் ஏங்கியதும் 1500 முதல் 1900 வரை எல்லா நூற்றாண்டிலும் இருக்கிறது என்று காட்டினார். லண்டன் தேம்ஸ் ஆற்றுச் சேற்றில், 1300ஐ ஒட்டிய காலத்துக் குதிரைவீரன் பொம்மை ஒன்று ஈயக் கலவையில் வார்த்ததாகக் கிடைத்திருக்கிறது. அச்சில் வார்த்துப் பொம்மை செய்ய ஆள் இருந்தான் என்றால், வாங்கிக் கொடுக்கவும் ஆள் இருந்திருக்கிறான்.

நம் பக்கம் சான்று இன்னும் கெட்டி. தொல்காப்பிய மரபியல் இளமைக்கு மட்டும் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது பெயர் சொல்கிறது. தென்னைக்குப் பிள்ளை, வாழைக்குக் கன்று என்று நீங்கள் இன்றைக்கும் பேசுவது அந்த வழக்கின் தொடர்ச்சிதான். புறநானூற்றின் 188ஆம் பாட்டு, நெய்ச்சோற்றைத் தொட்டு, கவ்வி, துழாவி, உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளை இல்லாத வீட்டில் எந்தச் செல்வமும் செல்வமில்லை என்கிறது. பாடியவர் ஒரு பாண்டிய அரசர். குட்டிப் பெரியவனாகப் பார்த்தவர் இப்படிப் பாட மாட்டார்.

ஆனால் மகளிடம் இதையும் சொல்லுங்கள். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பிள்ளைத்தமிழ் (பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாக வைத்துப் பருவம் பருவமாகப் பாடுவது) பாடியது இரண்டாம் குலோத்துங்க சோழனுக்கு. அதற்குப் பிறகு வந்தவையும் பெரும்பாலும் தெய்வத்துக்கும் அரசருக்கும் பெரியவர்களுக்கும்தான். பண்ணையில் மாடு மேய்க்கப் போன பையனுக்குச் செங்கீரை ஆடு என்று யாரும் ஏடெழுதவில்லை. அவன் அம்மா வரப்போரத்து மரத்தில் தூளி கட்டிப் பாடியது ஏட்டில் ஏறவே இல்லை. பிள்ளைப் பருவம் இருந்ததா என்பதைவிட, யாருக்கு எத்தனை வருஷம் கிடைத்தது என்று கேட்பதுதான் உருப்படியான கேள்வி.

பேரனுக்கு 11ஆம் மாதம் நடக்கிறது. தவழவே இல்லை, உட்கார்ந்தபடியே நகர்கிறான். என் சம்பந்தியம்மா, "செங்கீரையும் ஒழுங்காக ஆடலை, இப்ப தவழவும் இல்லை" என்று தினம் ஒரு பாட்டுப் பாடுகிறார். பயப்பட வேண்டுமா? – வாசகி, வைத்தீஸ்வரன்கோயில்

முத்துக்குமாரசாமிக்குக் குமரகுருபரர் பிள்ளைத்தமிழ் பாடிய ஊரிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம்.

இந்த மாதிரிப் பாட்டுகளுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்களின் ஒரு கணக்கில் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவமும் 3 முதல் 21 வரை ஒற்றைப்படை மாதங்களில் வரும். மூன்றில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை, பதினைந்தில் அம்புலி. இதுவரை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அதற்குப் பிறகு பையனுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்ணுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல். சில நூல்களில் மாதம் முன்பின் மாறும்.

சம்பந்தியம்மா இரண்டு இடத்தில் தடுக்கி விழுகிறார். முதலாவது, பாட்டியல் சொல்வது நடப்பு மாதம். மருத்துவர் அட்டையில் இருப்பது நிறைந்த மாதம். 11ஆம் மாதம் என்றால் மருத்துவருக்கு அது 10. இரண்டாவது, செங்கீரை என்பது ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது. ஐந்தாம் மாதத்தில் அதை எல்லாப் பிள்ளையும் செய்துவிடாது. பாட்டுடைத் தலைவர் தெய்வம்; கொஞ்சம் முந்திக்கொள்வார்.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2006ல் வெளியிட்ட அளவு இது. பிடிமானமில்லாமல் உட்காருவது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள். முட்டிபோட்டுத் தவழ்வது 5.2 முதல் 13.5. தானாக நடப்பது 8.2 முதல் 17.6. அந்தக் குழந்தைகளில் நூற்றுக்கு நாலு பேர் முட்டிபோட்டுத் தவழாமலேயே நடந்துவிட்டார்கள். பேரனும் அந்தக் கூட்டமாக இருக்கலாம். ஒரு பக்கத்துக் கையையோ காலையோ மட்டும் பயன்படுத்தி நகர்ந்தாலும், செய்துகொண்டிருந்ததைத் திடீரென்று விட்டுவிட்டாலும் காத்திருக்காமல் காட்டுங்கள். 18 மாதம் நிறைந்தும் நடக்காவிட்டாலும் அப்படியே.

அப்பாவுக்குத் திருக்கடையூரில் சாந்தி செய்ய நாள் பார்க்க வேண்டும். பள்ளிச் சான்றிதழில் 1.6.1951. பாட்டி சொல்லிவைத்துப் போனது, "கர வருஷம், மாசி, உத்திரம்". பெரிய அத்தையோ, "புயல் அடிச்சப்ப அவன் தவழ்ற பிள்ளை, நான்தான் இடுப்புல தூக்கிட்டு ஓடினேன்" என்கிறார். எது சரி? – வாசகர், திருத்துறைப்பூண்டி

அத்தையும் பாட்டியும் சரி. சான்றிதழ்தான் தவறு. ஒரு தலைமுறைக்கே ஜூனில் பிறந்தநாள் வந்தது எப்படி என்பதும் இதில் இருக்கிறது.

அத்தை சொல்லும் புயல் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். உங்கள் பக்கத்துக்கு அந்தக் காலத்துப் பெரும்புயல் 1952 நவம்பர் 30, நாகப்பட்டினம். 1977 நவம்பர் புயலோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. அப்போது அப்பாவுக்கு 25. தவழ்கிற பிள்ளை என்றால் பெரும்பாலும் 7 முதல் 10 மாதம். நவம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 1952 ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரலுக்குள் வந்து நிற்கும்.

இப்போது பாட்டியின் கணக்கு. கர வருஷம் 1951 சித்திரையில் பிறந்து 1952 பங்குனியில் முடிகிறது. பலரும் சறுக்குவது இங்கேதான். 'கர என்றால் 1951' என்று பட்டியலில் பார்த்துவிட்டு, மாசியையும் 1951லேயே தேடுவார்கள். 1951 பிப்ரவரியில் நடந்தது விக்ருதி வருஷத்து மாசி. கர வருஷத்து மாசி 1952 பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை. அதன்படி புயலன்று அப்பாவுக்கு எட்டரை, ஒன்பதரை மாதம். தவழ்கிற வயதுதான். 1951 பிப்ரவரி என்று வைத்திருந்தால் புயலன்று 21 மாதம். அத்தை தூக்க வேண்டியதே இல்லை, அவரே ஓடியிருப்பார்.

தை, மாசி, பங்குனியில் பிறந்த எவருக்கும் இந்த ஒரு வருஷப் பிழை வரும். நட்சத்திரத்தில் இன்னொரு சிக்கல். நட்சத்திரச் சுற்று 27 நாள் சொச்சம், தமிழ் மாதம் 29 முதல் 32 நாள். அதனால் ஒரே மாதத்தில் ஒரு நட்சத்திரம் இரண்டு முறை வரலாம். அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தை வைத்து மாசி உத்திரம் எத்தனை என்று பார்த்துவிட்டுக் குருக்களிடம் போங்கள்.

இனி 1.6.1951க்கு வருவோம். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கக் கையில் பிறப்புச் சான்று இருந்தவர்கள் கொஞ்சம் பேர். நாடு முழுக்க ஒரே மாதிரிப் பிறப்புப் பதிவுக்குச் சட்டம் வந்ததே 1969ல்தான். வாத்தியார் வைத்த சோதனை ஒன்றே ஒன்று: "வலது கையைத் தலைக்கு மேல வளைச்சு இடது காதைத் தொடு." விளையாட்டாகத் தெரியும், ஆனால் காரணம் உண்டு. பிறக்கும்போது தலை, உடம்பின் நீளத்தில் கால் பங்கு. வளர வளரக் கைகால் நீண்டு, பெரியவர்களுக்குத் தலை ஏழில் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஐந்து ஆறு வயதில்தான் விரல் காது நுனியைத் தொடும்.

இந்த அளவுகோல் பொய் சொல்லும் இடங்களும் தெரிந்தவையே. தலையை அந்தப் பக்கம் சாய்த்தால் நாலரை வயதுப் பிள்ளையும் தொட்டுவிடும். இதை வீட்டிலேயே பழக்கி அனுப்பினார்கள். தலை நேராக, முழங்கை தலையில் ஒட்டியிருந்தால்தான் கணக்கு. மறுபக்கம், அரைவயிற்றுக் கஞ்சியில் வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு ஏழு வயதிலும் எட்டாது. "அடுத்த வருஷம் கூட்டிட்டு வா" என்பார்கள்; அடுத்த வருஷம் அவன் மாட்டுக்குப் பின்னால் போயிருப்பான். வயதை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு அந்தச் சோதனை பல நேரம் வீட்டுக் குதிரில் இருந்த நெல்லைத்தான் அளந்தது.

காதைத் தொட்டுவிட்டால், பள்ளி திறக்கும் ஜூனில் ஐந்து நிறைந்ததாக ஒரு தேதி போடுவார் வாத்தியார். உங்கள் அப்பாவை 1956 ஜூனில், நாலே கால் வயதில் சேர்த்திருக்கிறார்கள். அக்கா கையைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்.

சான்றிதழ்த் தேதியைத் திருத்தப் போக வேண்டாம். ஓய்வூதியம், ஆதார் எல்லாம் அதன்மேல் நிற்கின்றன. சாந்திக்கு மாதமும் நட்சத்திரமும் போதும்.

ஊருக்கு ஊர் வயது எண்ணும் முறையே வேறு என்பதற்கு ஒரு செய்தி. கொரியாவின் பழைய வழக்கில் பிறந்த அன்றே வயது ஒன்று. அடுத்த புத்தாண்டில் எல்லோருக்கும் ஒன்று கூடும். டிசம்பர் 31ல் பிறந்த குழந்தைக்கு மறுநாள் இரண்டு வயது. தென்கொரிய அரசு 2023 ஜூன் 28 முதல் சட்டத்துக்கும் அலுவலகத்துக்கும் நிறைந்த வயதையே கணக்காக்கியது.

போருக்குப் போகும் அரசன் கழுத்தில் தாலி இருந்தது என்று தமிழாசிரியர் சொன்னார். ஆணுக்கு ஏது தாலி? – மாணவர், குடவாசல்

அது ஐம்படைத்தாலி. திருமாலின் சங்கு, சக்கரம், வாள், தண்டு, வில் ஐந்தையும் சிறு உருவாகச் செய்து பிள்ளைகளுக்குக் காப்பாகக் கட்டுவது. புறநானூறு 77, பாண்டியன் நெடுஞ்செழியன் சதங்கையைக் கழற்றிய காலில் கழல் கட்டிக்கொண்டான், தாலியை இன்னும் களையவில்லை, பாலை விட்டு இன்றுதான் சோறுண்டான் என்கிறது. பால் பற்றிய வரி புலவர் கூட்டிச் சொன்னது என்பது தெரிகிறது. ஆனால் எந்த அடையாளம் போனால் பிள்ளைமை போகும் என்ற வரிசை அதில் துல்லியமாக இருக்கிறது. அவன் வென்ற தலையாலங்கானம் உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தலையாலங்காடுதான் என்பார்கள்; ஒரு எட்டுப் போய் வாருங்கள்.

ரோமானியப் பையன்களும் கழுத்தில் 'புல்லா' என்ற காப்புக் குப்பியை அணிந்தார்கள். 14 முதல் 17 வயதுக்குள் ஒருநாள் அதைக் கழற்றி வீட்டுத் தெய்வத்தின் முன் வைத்துவிட்டு, பெரியவர்களின் வெள்ளை மேலாடையைப் போர்த்திக்கொள்வார்கள். இத்தனை வயது என்று பார்த்தல்ல, அப்பா "இவன் ஆளாகிவிட்டான்" என்று நினைக்கும்போது.

தாத்தா பெயர் குப்புசாமி, அவர் தம்பி பெயர் பிச்சை. வசதியான குடும்பம். ஏன் இப்படிப் பெயர்? – வாசகர், நன்னிலம்

இவர்களுக்கு முன் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போயிருக்கும். பிறந்ததைக் குப்பையில் புரட்டி எடுத்து 'குப்பை' என்று பெயர் வைத்தால், எமன் வேண்டாமென்று விட்டுவிடுவான். பக்கத்து வீட்டுக்காரி கையில் கொடுத்து, தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினால் அது நம் பிள்ளையே இல்லை. மூக்குக் குத்தி மூக்கன் என்று வைத்ததும் இதற்குத்தான். தமிழ்நாட்டில் 2020ல் பிறந்த ஆயிரத்தில் ஒரு வயதுக்குள் இறந்தது 13 (மாதிரிப் பதிவுக் கணக்கு). பழைய காலத்தில் உலகம் முழுக்க ஏறத்தாழ நாலில் ஒன்று முதல் வருஷத்தில் போனது. பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, ஆளாகுமுன் போனது. அவ்வளவு சாவு இருந்ததால் பெற்றோர் மனம் மரத்துப்போயிருந்தார்கள் என்று சிலர் எழுதினார்கள். எமனோடு தவிட்டுக்குப் பேரம் பேசியவர்களை மரத்துப்போனவர்கள் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

மகனுக்கு 10 வயது. லீவு நாளில் வயலுக்குக் கூட்டிப் போகிறேன். மாமனார் சரி என்கிறார். மனைவியின் தம்பி, "குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் உள்ளே போவீங்க, மாமா" என்கிறார். – வாசகர், பாபநாசம்

சொந்த வயல், பள்ளி நேரம் போக அல்லது விடுமுறை, ஆபத்தில்லாத வேலை. இந்த மூன்றும் சேர்ந்தால் 2016 திருத்தச் சட்டம் அனுமதிக்கிறது. அதைத் தாண்டி 14 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைத்தால் 6 மாதம் முதல் 2 வருஷம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் கூடாது.

எது கூடாது என்பதைச் சட்டத்துக்காக இல்லாமல் பையனுக்காகவே பாருங்கள். மருந்தடிக்கும் அன்று வயலில் இருக்கவே கூடாது. டப்பா மூடியைத் திறந்து கொடுக்கும் வேலைகூட வேண்டாம். எடைக்குப் பார்த்தால் பிள்ளைக்குத் தோல் பரப்பு அதிகம், அதே துளி அவன் உடம்பில் அதிகம் ஏறும். டிராக்டர் மட்கார்டில் உட்கார வைப்பது, கதிரடிக்கும் இயந்திரத்தின் பக்கம் விடுவது, ஓடும் மோட்டார் பெல்ட் அருகே நிறுத்துவது மூன்றும் வேண்டாம். நாற்றுமுடி எடுத்துப் போடட்டும், ஆட்டை ஓட்டட்டும், மடை திறந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கட்டும்.

மாமனார் சொல்வதிலும் நியாயம் உண்டு. 1975ல் பார்பரா ரோகாஃபும் உடன் ஆய்ந்தவர்களும் 50 சமூகங்களின் குறிப்புகளை ஒப்பிட்டபோது, ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பிள்ளையிடம் பொறுப்பு ஒப்படைப்பது பெரும்பாலான இடங்களில் தெரிந்தது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, கால்நடை, தண்ணீர் எடுப்பது. வேலையே தெரியாமல் 18 வயது வரை வளர்வதுதான் மனித வரலாற்றில் புதுசு.

சட்டம் பேசும் 'குழந்தை' ஆலையில் பிறந்தது. 1881 தொழிற்சாலைச் சட்டம் 7 வயதுக்குக் கீழே கூடாது என்றது. 7 முதல் 12 வரை நாளைக்கு 9 மணி நேரம் வேலை வாங்கலாம். 1891ல் கீழ் வயது 9 ஆனது. 14 வரை 7 மணி நேரம். இரண்டும் வயலைத் தொடவே இல்லை. தஞ்சைப் பண்ணைகளில் பண்ணையாள் வீட்டுப் பையன் மாடு மேய்த்ததை அப்போது யாரும் குழந்தை உழைப்பு என்று எழுதவில்லை. அதே வயதில் மேலத்தெருப் பையன் திண்ணையில் எண்சுவடி சொல்லிக்கொண்டிருந்தான். உங்கள் மகன் மாலையில் வீடு திரும்பிப் பாடம் எழுத முடிகிறவரை, அவன் போவது முதல் பையன் போன வழியில் அல்ல.

சட்டாம்பிள்ளை என்று திட்டுகிறார்களே, யார் அது? – மாணவி, ஒரத்தநாடு

திண்ணைப் பள்ளியில் வாத்தியாருக்கு அடுத்தபடி, மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மூத்த மாணவன். அங்கே ஐந்து வயதும் பன்னிரண்டு வயதும் ஒரே மணலில் எழுதின. ஒரே வயதுக்காரரை ஒரே வகுப்பில் அடைப்பது பிற்காலத்து ஏற்பாடு. சென்னையில் அனாதைப் பையன்கள் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதைத் தம் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டை 1797ல் எழுதி வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மதராஸ் முறை' என்றே பரவியது. அடுத்த முறை திட்டினால் இதைச் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருக்கும் மருமகள், குழந்தையோடு ஓயாமல் பேச வேண்டும், கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்று பட்டியல் போட்டு ஒட்டியிருக்கிறாள். நாங்கள் அப்படியா வளர்த்தோம்? – வாசகி, நாகப்பட்டினம்

பட்டியல் போடாமலே பேசித்தான் வளர்த்தீர்கள். கென்யாவின் குசீ தாய்மார்கள் கைக்குழந்தையைத் தூக்கி அமர்த்துவார்கள், கண்ணோடு கண் நோக்கிக் கொஞ்சிப் பேசுவது குறைவு. பாப்புவா நியூகினியின் கலுலி மக்கள், குழந்தைக்கு இன்னும் புரியாது என்று அதனிடம் பேச்சு வளர்ப்பதில்லை. ஆனால் மற்றவர்களைப் பார்க்கும்படி மடியில் திருப்பி உட்காரவைத்து, கீச்சுக் குரலில் குழந்தைக்காகத் தாயே பதில் சொல்வாள். ("அத்தைக்கு வணக்கம் சொல்றேன்ங்கிறான் பாரு" என்று நாம் செய்வதேதான்.) அந்தப் பிள்ளைகளும் நன்றாகப் பேசுகிறார்கள். மருமகள் பட்டியலில் ஒன்றை மட்டும் நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள்: கைப்பேசியைக் காட்டிச் சோறூட்டாதீர்கள். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது 2019ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

பேத்திக்கு வாக்கர் வாங்குவதா, நடைவண்டியா? – வாசகர், மன்னார்குடி

நடைவண்டி. உட்காரவைத்து உருட்டும் வாக்கரை வாங்காதீர்கள். குழந்தை தொங்கியபடி கால் விரல் நுனியால் உந்தும். தன் காலைப் பார்க்க முடியாது. நடையும் தாமதமாகும். ஒரே நொடியில் ஒரு மீட்டர் பாய்ந்து படியில் கவிழும். கனடா 2004ல் விற்பனையையே தடை செய்துவிட்டது.

நடைவண்டிக்கு வயது ஏறத்தாழ இரண்டாயிரம். காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் சிறுவர்கள் முக்காற் சிறுதேர் (மூன்று சக்கரச் சின்னத் தேர்) உருட்டியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. காயும் தானியத்தைக் கொத்த வந்த கோழிமேல் பெண்கள் பொற்குழையைக் கழற்றி எறிய, அது கிடந்து வண்டியை மறிக்கிறதாம். கோழிக்குக் கம்மலா என்று கேட்காதீர்கள். அது புலவர் காட்டும் பணக்காரத் தெரு.

வாங்கும்போது பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று என மூன்று மரச்சக்கரம் இருக்கட்டும். கைப்பிடி, நிற்கும் பேத்தியின் தொப்புளுக்கும் மார்புக்கும் நடுவில் வர வேண்டும். தாழ்ந்தால் குனிந்து முன்னே விழுவாள், உயர்ந்தால் தொங்குவாள். எதையாவது பிடித்துத் தானாக எழுந்து நிற்கத் தொடங்கிய பிறகே கொடுங்கள். மண் தரையில் வண்டி தானே மெல்லப் போகும். டைல்ஸில் வழுக்கி ஓடிவிடும், பிள்ளை முகம் குப்புற விழும். அதைத் தடுக்க முன்சக்கரத்துக்கு மேல் ஒரு கிலோ அரிசியைத் துணியில் முடிந்து கட்டுங்கள். அப்படியும் ஓடினால் சக்கரத்தைச் சுற்றி சைக்கிள் டியூப் துண்டை இழுத்து மாட்டுங்கள். பெயின்ட் உரிகிற வண்டி வேண்டாம், வாயில்தான் போகும். அச்சில் கிறீச் சத்தம் வந்தால் எண்ணெய் விடாதீர்கள். அடுப்படியில் இருப்பவருக்குப் பேத்தி எந்தப் பக்கம் போகிறாள் என்று அதை வைத்துத்தான் தெரியும்.